சீட்டுக் குலுக்கி நடந்த கவியரங்கம்

புதுக்கவிதை எழுதுகிறவர்களுக்குப் பள்ளிக்கூடத்தை விட்டால் வேறு கதி இல்லை போலிருக்கிறது. எந்தப் பத்திரிகையைப் பிரித்தாலும் ஒரு உடைந்த சிலேட்டு கிடக்கிறது. மழை பெய்கிறது, காகிதக் கப்பல் போகிறது, ஜன்னலுக்கு வெளியே ஒரு குருவி உட்கார்ந்து படிக்கிற பிள்ளையை வா வா என்கிறது. வாத்தியார் என்றால் ஒன்று பிரம்போடு நிற்கிற எமன், இல்லாவிட்டால் தெய்வம். நடுவில் மனுஷன் என்று ஒருத்தன் கிடையாது. அம்மா வந்தால் அவள் கட்டாயம் அடுப்பு ஊதிக்கொண்டிருப்பாள். படிக்கப் படிக்க எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். நான் படித்த பள்ளிக்கூடத்துக்கு ஜன்னலே கிடையாது, சுவரே பாதிதான். குருவி நேராக உள்ளே வந்து எங்களோடு மத்தியானக் கோதுமை உப்புமாவைத் தின்றுவிட்டுப் போகும். என் அம்மா அடுப்பு ஊதி நான் பார்த்தது குறைவு. விடிவதற்குள் மீன் கூடையோடு படகேறி அக்கரைக்குப் போய்விடுவாள்.

அதற்காகப் புதுக்கவிதையே ஆகாது என்று சொல்கிறவள் இல்லை நான். பிற்பாடு கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்தபோது ரயிலில் நின்றுகொண்டே எவ்வளவோ கவிதை படித்திருக்கிறேன். ஆனால் அதற்கெல்லாம் முன்னால், நான் எட்டாவது படிக்கும்போது, புதுக்கவிதை ஒரு தடவை எங்கள் குப்பத்துக்கே வந்தது. வந்து ஊரையே தலைகீழாக்கிவிட்டுத்தான் போனது. அதைச் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

எழுபதுகளின் தொடக்கம் அது. பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு மணல் திட்டு, அதில் எங்கள் குப்பம். எட்டாவது வரைக்கும் அங்கேயே படிக்கலாம். ஒன்பதாவதுக்குப் படகேறி அக்கரை போக வேண்டும். பெண் பிள்ளைகளில் எட்டாவது வரை தாக்குப்பிடித்தவள் நான் ஒருத்திதான். அக்கரை ஹைஸ்கூலில் சேர வேண்டும் என்பதைத் தவிர எனக்கு அந்த வருஷம் வேறு நினைப்பே இல்லை. அம்மா வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். ஏன் என்று கேட்டால் காரணம் நாளுக்கு நாள் மாறும். ஒரு நாள் படகு சரியில்லை என்பாள், ஒரு நாள் காற்று என்பாள், இன்னொரு நாள் படகில் வருகிற பையன்கள் சரியில்லை என்பாள். காற்று இல்லாத நாளில் கருவாடு காயப்போட ஆள் இல்லை என்பாள். அப்பாவைக் கேட்டால், உங்கம்மாவைக் கேள் என்று சொல்லிவிட்டு வலையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

அந்த வருஷம் திருவள்ளூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தமிழ் வாத்தியார் எங்களுக்கு வந்து சேர்ந்தார். மீசை அப்போதுதான் முளைத்துக்கொண்டிருந்தது. தோளில் ஒரு ஜோல்னாப் பை, பை நிறைய ஒல்லி ஒல்லியாகப் பத்திரிகைகள். பாடப்புத்தகத்துச் செய்யுளை வேண்டா வெறுப்பாக நடத்திவிட்டு, மணி அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது பையைத் திறப்பார். எதுகை வேண்டாம், மோனை வேண்டாம், தளை தட்டினால் தட்டட்டும், மனசில் இருப்பதை உள்ளபடி சொன்னால் அதுதான் கவிதை என்பார். எங்களுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. செய்யுளை மனப்பாடம் செய்யாமல் முட்டிபோட்ட கூட்டம் நாங்கள். செய்யுளே வேண்டாம் என்று ஒரு வாத்தியாரே சொன்னால் விடுவோமா?

ஆண்டு விழாவுக்கு ஒரு கவியரங்கம் என்று அவர் அறிவித்தார். பால்யம், பள்ளிக்கூடம், குணம் என்று மூன்று தலைப்புகள். யார் வேண்டுமானாலும் எழுதலாம். நான் அன்றைக்கே எழுதிவிட்டேன்.

சிலேட்டே,
நீ என் கறுப்பு நிலா.
பல்பமே,
நீ என் வெள்ளை அழுகை.
அக்கரையே,
உன் கதவைப் பூட்டிச்
சாவியை இடுப்பில் செருகியவள்
என் தாய்.

வெள்ளை அழுகை என்றால் என்ன என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. வாத்தியார் படித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார், அதனால் நல்ல கவிதை என்று முடிவு செய்துகொண்டேன். என் கவனமெல்லாம் கடைசி வரிகளில் இருந்தது. ஊரே கூடியிருக்கும்போது மைக்கில் அதைச் சொன்னால் அம்மாவால் என்ன செய்ய முடியும்? நாலு பேர் அவளைத் திரும்பிப் பார்ப்பார்கள், அவளும் சரி போய்த் தொலை என்று சொல்லிவிடுவாள். நான் மனசுக்குள் ரெட்டை ஜடை பின்னி ரிப்பனே கட்டிக்கொண்டுவிட்டேன்.

எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. வாத்தியார் மரியாதைக்காக ஊர்க் கூட்டத்தில் ஒரு வார்த்தை சொல்லிவைக்கப் போனார். அங்கேதான் வந்தது வினை.

எங்கள் ஊர் வழக்கம் அவருக்குத் தெரியாது. ஏரியில் இறால் விழுகிற நல்ல இடங்கள் கொஞ்சம்தான், ஊரிலோ வீடுகள் அதிகம். அதனால் இன்றைக்கு இந்த இடத்தில் இந்த வீட்டு வலை என்று சீட்டுக் குலுக்கி முறை வைத்துக்கொள்வார்கள். கல்யாணமாகி ஊர் வரி கட்டுகிற குடும்பத்துக்குத்தான் முறை உண்டு. ஒருத்தர் முறையில் இன்னொருத்தர் குறுக்கே வரக் கூடாது, தன் முறையை மற்றவருக்கு மாற்றித் தரவும் கூடாது. வீட்டு ஆணுக்கு உடம்பு சரியில்லை என்றால் அவன் பெண்டாட்டி ஆள் வைத்து முறையைக் காப்பாற்றலாம். வலைக்கு வந்த வழக்கம் மெல்ல எல்லாவற்றுக்கும் வந்துவிட்டது. கோயிலுக்கு எண்ணெய் ஊற்றுவதும், விழாவுக்கு மைக் செட் ஏற்றி வருகிற படகை இழுத்துக் கட்டுவதும்கூட எங்கள் ஊரில் முறைப்படிதான் நடக்கும்.

வாத்தியார் போய், எழுதப் படிக்கத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை, உள்ளதை உள்ளபடி சொன்னால் போதும், அதுதான் புதுக்கவிதை என்று கவியரங்கத்தை விளக்கியிருக்கிறார். கூட்டம் யோசித்தது. அப்படியானால் இது ஊருக்கு வந்த பொதுச் சொத்து, சீட்டுப் போட வேண்டியதுதான் என்று தீர்ப்பு சொல்லிவிட்டது. இது பிள்ளைகளுக்காக வைக்கிற நிகழ்ச்சி என்று வாத்தியார் தலைகீழாக நின்று பார்த்தார். ஊர்த் தலைவர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டாராம்:

"பொடிசுங்க வரி கட்டுதுங்களா சார்?"

அவ்வளவுதான், பால்யத்தையும் பள்ளிக்கூடத்தையும் பற்றிய கவியரங்கத்தில் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒருத்தருக்குக்கூட முறை இல்லை என்று ஆகிவிட்டது. வாத்தியாருக்கும் இல்லை. அவர் வெளியூர்க்காரர், அவருக்கும் வரி கிடையாது. என் கறுப்பு நிலா அப்படியே அஸ்தமித்தது. நான் தரையில் காலை உதைத்துக்கொண்டு அழுதேன். அம்மா நெத்திலி மீன் கழுவிக்கொண்டே, இன்னாத்துக்குடி இந்த ஆர்ப்பாட்டம் என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்த்தாள்.

அந்த வாரம் எங்கள் குப்பத்தில் நடந்த கூத்தை நினைத்தால் இப்போதும் தனியாகச் சிரிக்கிறேன். குடத்தில் சீட்டுப் போட்டுக் குலுக்கி வீட்டுக்கு ஒரு தலைப்பு எடுத்தார்கள். வலை இழுத்துக்கொண்டே ஆண்கள் வாய்க்குள் முணுமுணுத்தார்கள். எதிர்ப்பட்டவரிடம் எல்லாம், உனக்கு இன்னா விழுந்துது என்று கேட்டார்கள். குணம் விழுந்தவர்கள் பேஜாராகிப் போனார்கள். யார் குணத்தைச் சொல்வது என்று தெரியவில்லை. பெண்டாட்டி குணத்தைச் சொன்னால் சோறு கிடைக்காது, மச்சான் குணத்தைச் சொன்னால் வெட்டுக்குத்து ஆகிவிடும். ஒருத்தர் ஒரு கூடை இறாலைத் தந்து தன் குணத்தைக் கொடுத்துப் பக்கத்து வீட்டுப் பால்யத்தை வாங்கப் பார்த்தார். முறையை மாற்றக் கூடாது என்று ஊர்த் தலைவர் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார். குடிதண்ணீர் ஊற்றடியில் பெண்கள் என்னையும் என் கூட்டாளிகளையும் வளைத்துக்கொண்டு, இதைச் சொன்னால் கவிதையா, அதைச் சொன்னால் கவிதையா என்று துளைத்தார்கள். எனக்கிருந்த ஆத்திரத்தில் எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று தலையாட்டினேன்.

எங்கள் வீட்டுக்குப் பள்ளிக்கூடம் விழுந்தது. எழுதி வைத்திருக்கிறவள் இங்கே இருக்கிறேன், முறை அப்பாவுக்கு. நடுக்கடலில் சுழற்காற்றைப் பார்த்தே முகம் சுளிக்காத மனுஷன், மைக் என்ற சொல்லைக் கேட்டதும் காய்ச்சல் என்று கம்பளியைப் போர்த்திப் படுத்துவிட்டார். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தது. நான் அவர் காதருகே போய், நைனா, எனக்குக் கொடுத்துடு நைனா என்று கெஞ்சினேன். அவர் கண்ணைத் திறக்காமலே, முறைப்படி அது உங்கம்மாவுக்குத்தான் போவும் என்றார். அம்மா முகத்தைக் கழுவிக்கொண்டு வேறு புடவை கட்டிக்கொண்டாள்.

விழா மத்தியானமே ஆரம்பித்துவிட்டது. பொழுது சாய்ந்தால் வலைக்குப் போக வேண்டும் என்பதால் ஊர்த் தலைவர் வரவேற்பு, தலைமையுரை என்று யாரையும் இழுக்க விடவில்லை. முதல் முறை அவருக்கே. மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தொண்டையைச் செருமிவிட்டுச் சொன்னார்.

பள்ளிக்கூடம் போனேன்.
வாத்தியார் அட்ச்சாரு.
வந்துட்டேன்.

இறங்கிவிட்டார். ஊர் வாயைப் பிளந்தது. வாத்தியார் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்து, இதுதான், இதைத்தான் நான் சொன்னேன் என்று கை தட்டினார். அவர் பையில் இருந்த பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக எழுதியிருந்தது எல்லாம் இந்த மூன்று வரிக்கு உறை போடக் காணாது என்று எனக்கே தோன்றியது. ஊர்த் தலைவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பெரிய வேலையை முடித்தவர் மாதிரி உட்கார்ந்தார்.

நாலைந்து வீடு கழித்து வலை பின்னுகிற ஒரு பெரியப்பா. அவருக்குப் பால்யம். பால்யத்தில் தெரிந்தது வாய்ப்பாடு ஒன்றுதான் போலிருக்கிறது, ஓரோண் ஒண்ணு என்று ராகம் போட்டு ஆரம்பித்துவிட்டார். நாங்களும் சேர்ந்து கத்தினோம். இரண்டாம் வாய்ப்பாடு போச்சு, மூன்றாம் வாய்ப்பாடு போச்சு, ஊரே குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறது. ஏழாம் வாய்ப்பாட்டின் நடுவில் சடக்கென்று நிறுத்தினார். "இந்த எடத்துக்கு வரும்போது எங்க நைனா செத்துட்டாரு. வலைக்கு வந்துட்டேன்" என்றார். சிரித்துக்கொண்டிருந்த வாயை எப்படி மூடுவது என்று யாருக்கும் தெரியவில்லை.

அதைச் சரிக்கட்டத்தான் சாமி அந்த விதவைச் சித்தியை அடுத்து அனுப்பியது. அவளுக்குக் குணம் விழுந்திருந்தது. நாக்கு என்றால் அப்படி ஒரு நாக்கு அவளுக்கு. மைக்கைக் கையில் வாங்கியதும், தன்னோடு மூன்றாவது படித்த ஒருத்தன் தன் பல்பத்தைத் தினமும் தின்றுவிடுவான் என்றும், இப்போது ஐந்து பிள்ளை பெற்றும் அடுத்தவர் பொருளைத் தின்கிற குணம் போகவில்லை என்றும், அவன் இங்கேதான் மூன்றாவது வரிசையில் பச்சைச் சட்டையோடு குந்திக்கொண்டிருக்கிறான் என்றும் வெளுத்து வாங்கினாள். பச்சைச் சட்டைக்காரர் துள்ளி எழுந்தார். ஒருத்தர் முறையில் இன்னொருத்தர் குறுக்கே வரக் கூடாது என்று ஊர்த் தலைவர் கையைக் காட்டினார். சரி, என் முறையில் பார்த்துக்கொள்கிறேன் என்றார் அவர். அவர் முறை முன்னாலேயே முடிந்துபோயிருந்தது. பால்யத்தைப் பற்றி எதையோ உளறிவிட்டு நல்ல பேர் வாங்கி வந்து உட்கார்ந்திருந்தார். அடுத்த கவியரங்கம் எப்போது என்று வாத்தியாரைக் கேட்டுக்கொண்டே அவர் நின்றார். சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலித்தது. வாத்தியார் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். அவர் சட்டைப் பையில் அவருடைய சொந்தக் கவிதை மடித்தபடியே இருந்தது. அதைப் பிறகு திரும்பும்போது படகோட்டிக்குப் படித்துக் காட்டினார் என்று கேள்வி.

பிறகு எங்கள் வீட்டைக் கூப்பிட்டார்கள். அம்மா எழுந்து போனாள். அக்கரையில் அவ்வளவு சத்தம் போட்டு மீன் விற்கிறவள், மைக்குக்கு முன்னால் முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள். சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. அவள் என் பக்கம் பார்க்கவே இல்லை.

எனுக்கு விழுந்த சீட்டு பள்ளிக்கூடம்.
நான் போனதில்ல.
அக்கரை இஸ்கோலு வாசல்ல
குந்தினு மீன் விக்கறேன்.
பொண்ணுங்க வருங்க.
ரெட்ட ஜடை, ரிப்பன்.
என் கூடையாண்ட வந்தா
மூக்க மூடிக்கினு சுத்திக்கினு போவுங்க.
என் பொண்ணும் அங்க போவணும்ன்றா.
போனா அவளும் மூடுவாளோ,
மூட மாட்டாளோ.
அத பாக்க எனுக்கு தெம்பு இல்ல.
படகு இல்ல, காத்து இல்ல.
அதான்.

முடிஞ்சிச்சி என்று சொல்லிவிட்டு மைக்கைத் திருப்பிக் கொடுத்தாள். யாரும் கை தட்டவில்லை. நான் எழுந்துவிட்டேன். எனக்கு அழுகை வந்தது, அழுகையை விடக் கோபம் அதிகமாக வந்தது. யாரைப் பார்த்து என்ன நினைத்துவிட்டாள்? நான் மூக்கை மூடுவேனா? ஊர் முன்னால் அவளைத் தலைகுனிய வைக்க நான் திட்டம் போட்டிருந்தேன். அவள் ஒரு பொல்லாப்பும் இல்லாமல் தன் பயத்தை எடுத்து ஊர் முன்னால் வைத்துவிட்டாள். வாயைத் திறந்தேன். ஊர்த் தலைவர் என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினார். எனக்குத்தான் முறை இல்லையே. அடுத்த வீட்டைக் கூப்பிட்டார்கள்.

வீட்டுக்குப் போனதும் குதித்தேன். என்னைப் பற்றி எப்படி அப்படிச் சொல்லலாம் என்று கத்தினேன். கம்பளிக்குள்ளிருந்து அப்பா மெல்ல எட்டிப் பார்த்துவிட்டு மறுபடியும் காய்ச்சலுக்குள் போய்விட்டார். அம்மா நான் கத்தி முடிக்கிறவரை அரிவாள்மணையில் மீன் செதிலைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"சபையில சொல்லிட்டேன்ல. இனிமே அத ஊட்ல வெச்சி பூட்ட முடியாது. போ, போய் படி" என்றாள்.

எனக்குச் சந்தோஷப்பட வேண்டும் என்றே தோன்றவில்லை. தோன்றியபோது ராத்திரிச் சோறு ஆறிப்போயிருந்தது. பிறகு பிடித்ததே ஒரு பைத்தியம்! கோடை முழுக்க மணல் திட்டில் ஓடினேன், பாடினேன், பாவாடைக்கு நீலம், சட்டைக்கு வெள்ளை என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொன்னேன்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்த அன்றைக்கு அம்மா வழக்கம்போல விடிவதற்குள் போய்விட்டாள். நான் அடுத்த படகில் போனேன். அக்கரையில் மூன்று பெண்கள் வலிய வந்து என்னோடு பேசினார்கள், எந்த ஊர், எந்த வகுப்பு என்று கேட்டார்கள். நாலு பேரும் சேர்ந்து நடந்தோம். பள்ளிக்கூட வாசலில் மீன்காரிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அம்மா நடுவில் இருந்தாள். என்னைத் தூரத்திலேயே பார்த்துவிட்டாள். முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அந்த மூன்று பெண்களும் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துச் சுற்றிக்கொண்டு போனார்கள். நான் கூடைக்கு நேராகப் போய் நின்றேன். அம்மா நிமிரவில்லை. கூடையைப் பார்த்துக்கொண்டே, யாரோ வழியில் போகிற பிள்ளையைக் கேட்பதுபோலக் கேட்டாள்.

"இன்னா மீனு வேணும் பாப்பா?"

எனக்குத் தப்பித்துக்கொள்ள வழி விடுகிறாள் என்று புரிந்தது. அந்த நிமிஷம் வந்த கோபம் மாதிரி என் ஆயுசில் எனக்கு வந்ததில்லை. புதுப் பாவாடையோடு அந்த ஈர மண்ணில் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சப்பென்று உட்கார்ந்தேன். ரிப்பனை உருவி ஜடையை அவிழ்த்துப் போட்டேன்.

"எம்மா, ஜடை அவுந்துபோச்சி. பின்னி வுடு."

"கை நாறுதுடி" என்றாள் அம்மா, மிக மெதுவாக.

"நாறட்டும்."

போன பெண்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள். பிறகு செதில் ஒட்டிய விரல்கள் என் தலைமுடிக்குள் வந்தன, மூன்று கூறாகப் பிரித்தன. இறால் வாங்க நின்றுகொண்டிருந்த ஒரு அம்மாள், நேரமாகிறது, சீக்கிரம் போடு என்று அவசரப்படுத்தினாள். அம்மா கையை எடுக்கவில்லை.

"இருங்க. எம் பொண்ணு. ஒம்பதாவது படிக்கப் போவுது. ஜடை பின்னிட்டுத் தரேன்."